இந்தப் படிவம் வேறு: மருத்துவ ஆய்வுகளும் எமது மக்களும்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் இரும்புப் பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் தட்டுப்படுவது கடதாசிக் கட்டுத்தான். கிராம உத்தியோகத்தர் தந்த உறுதிக் கடிதம், நட்டஈட்டு விண்ணப்பத்தின் பிரதி, பிறப்புச் சான்றிதழ்கள், பிரதேச செயலகத்தில் கொடுத்த துண்டு. கலவரத்தில் ஊரை விட்டு வந்தவரானாலும், மொறகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காகக் காணியைக் கைவிட்டவரானாலும், மண்சரிவுக்கு அஞ்சி லயத்தை விட்டு இறங்கியவரானாலும், எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். படிவம் வந்தால் கையொப்பம் இட வேண்டும். இடாவிட்டால் பெயர் பட்டியலில் இராது. பெயர் இல்லாவிட்டால் அரிசி இல்லை, தகரம் இல்லை, வீடும் இல்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் நாம் வைத்தியசாலைக்கும் போகிறோம். இரத்தோட்டை வைத்தியசாலையில் சேர்ந்தவருக்கு நோய் கடுமையானால் மாத்தளைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ போக நேரிடும். அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை மட்டுமல்ல, படிப்பும் ஆராய்ச்சியும் நடைபெறுகின்றன. கட்டிலருகே ஒருவர் வந்து, "ஒரு மருந்தைப் பற்றி ஆய்வு செய்கிறோம், நீங்கள் சேர விருப்பமா?" என்று கேட்டுப் படிவம் ஒன்றை நீட்டலாம். அந்த வேளையில் நாம் என்ன செய்வோம்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். ஒரு சாரார், "ஏழைகள் என்பதால் எங்களை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று பயந்து, சிலவேளை சிகிச்சையையே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மறு சாரார், "டொக்டர் ஐயா சொன்னால் சரிதான்" என்று வாசிக்காமலே கையொப்பம் இடுகிறார்கள். பயமும் பணிவும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டும் அறியாமை என்ற ஒரே வேரில் முளைத்தவை. நிவாரணப் படிவத்துக்கும் இந்தப் படிவத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இரண்டிலிருந்தும் விடுபடலாம்.

மருத்துவ ஆய்வு என்பது என்ன?

மிளகுக்கு ஒரு புதிய உரம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் நல்லது என்கிறார். புத்தியுள்ள விவசாயி உடனே தோட்டம் முழுவதற்கும் போட மாட்டார். சில கொடிகளுக்குப் புதியதையும், அதே மண்ணில் அதே வெயிலில் நிற்கும் வேறு சில கொடிகளுக்குப் பழையதையும் போட்டு விளைச்சலை ஒப்பிட்டுப் பார்ப்பார். நல்ல கொடிகளாகத் தெரிந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் புதிய உரத்தைப் போட்டால் உண்மை வெளிவராது என்பதும் அவருக்குத் தெரியும்.

மருத்துவ ஆய்வும் இதுபோன்றதே. ஒரே நோயுள்ளவர்களை இரண்டு அல்லது மூன்று குழுக்களாகப் பிரிக்கிறார்கள். யார் எந்தக் குழு என்பதை வைத்தியர் தெரிவு செய்வதில்லை. வீட்டுத் திட்டத்தில் வீட்டு இலக்கத்துக்குச் சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கியே தீர்மானிக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் புதிய மருந்து, மற்றக் குழுவுக்கு வழமையான மருந்து. சிலவேளை, வழமையான சிகிச்சையோடு மருந்துச் சத்து இல்லாத குளிசையோ ஊசியோ கொடுக்கப்படும். யாருக்கு எது என்பது நோயாளிக்கு மட்டுமல்ல, பல ஆய்வுகளில் வைத்தியருக்கும் முடிவு வரை தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா?

இங்கேதான் எமது மக்கள் பெரிதும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். சாதாரண சிகிச்சையில் வைத்தியர் உங்கள் உடலைப் பார்த்து உங்களுக்கு ஏற்றதைத் தெரிவு செய்கிறார். ஆய்வில் அந்தத் தெரிவைச் சீட்டுச் செய்கிறது. ஆய்வின் நோக்கம் உங்களைக் குணப்படுத்துவது மட்டுமல்ல; நாளை வரப்போகும் நோயாளிகளுக்காக ஒரு கேள்விக்கு விடை காண்பதும் ஆகும். உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதை மறைத்து, "இது விசேஷ சிகிச்சை" என்று எவராவது சொன்னால் அவர் முழு உண்மையைச் சொல்லவில்லை.

பாம்புக்கடியில் கிடைத்த விடை

எமது நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் எவருக்கும் இது நெருங்கிய விடயம்.

பாம்பு கடித்தவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து உயிரைக் காப்பது. எனினும் இலங்கையில் பயன்படும் இந்திய விஷமுறிவு மருந்தினால் பலருக்கு ஒவ்வாமை ஏற்படுகிறது. உடம்பு தடித்துக் கடிக்கும், மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்தும் வரலாம். இதைத் தடுக்கப் பல ஆண்டுகளாக வைத்தியர்கள் வெவ்வேறு மருந்துகளை முன்கூட்டியே கொடுத்து வந்தார்கள். எது உண்மையில் தடுக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.

1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 105 பேர் சேர்ந்தார்கள். விஷமுறிவு மருந்துக்கு முன்னர் சிறிதளவு அட்ரினலின் ஊசி பெற்றவர்களில் 11 வீதத்தினருக்கும், அதைப் பெறாதவர்களில் 43 வீதத்தினருக்கும் ஒவ்வாமை ஏற்பட்டது. பின்னர் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பேராசிரியர் அசித டி சில்வாவும் குழுவினரும் 1,007 பேரைச் சேர்த்துப் பெரிய ஆய்வொன்றை நடத்தி 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அட்ரினலின், ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் ஆகிய மூன்று மருந்துகள் தனித்தனியாகவும் சேர்த்தும், சிலருக்கு மருந்தற்ற ஊசியாகவும் கொடுக்கப்பட்டன. ஒன்றைக் கவனியுங்கள்: விஷமுறிவு மருந்து எவருக்கும் மறுக்கப்படவில்லை. அதற்கு முன்னர் கொடுப்பது எது என்பது மட்டுமே குலுக்கலில் இருந்தது.

முடிவு தெளிவாக வந்தது. சேர்ந்தவர்களில் நால்வரில் மூவருக்கு ஏதோ ஒருவகை ஒவ்வாமை ஏற்பட்டது. அட்ரினலின் பெற்றவர்களிடம் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமை 43 வீதம் குறைந்திருந்தது. மற்ற இரண்டு மருந்துகளும் பயன் தரவில்லை. காலம் காலமாக நம்பிக்கையோடு கொடுத்து வந்தவை அவை!

அந்த 1,007 பேரும் பாம்பு கடித்துப் பயத்தோடு வந்தவர்கள். அவர்களும் அவர்களது உறவினரும் சம்மதித்திராவிட்டால் இந்த விடை கிடைத்திராது. நாளை எமது பிள்ளைக்கு ஏற்றப்படும் ஊசிக்குப் பின்னால் முகம் தெரியாத அந்த ஏழைகளின் உதவி இருக்கிறது.

"இல்லை" என்ற விடையும் விடைதான்

நஞ்சருந்தி வந்தவர்களுக்குக் கரி கரைத்துக் கொடுப்பது வைத்தியசாலைகளில் ஒரு வழக்கம். மஞ்சள் அலரி விதை உண்ட 401 பேரைக் கொண்டு இலங்கையில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மரணம் குறைவதாகக் கூறியது. ஒரு தடவை மட்டும் பெற்றவர்களில் 16 பேர் இறந்தார்கள். பல தடவை பெற்றவர்களில் 5 பேர் இறந்தார்கள். ஆனால் மூன்று வைத்தியசாலைகளில் 4,632 பேரைச் சேர்த்து நடத்தி 2008இல் வெளியான பெரிய ஆய்வு வேறு விடை தந்தது. இவர்களில் பாதிப்பேர் பூச்சிமருந்து அருந்தியவர்கள். பல தடவை கரி பெற்றவர்களில் 6.3 வீதமும், ஒரு தடவை பெற்றவர்களில் 7.1 வீதமும், பெறாதவர்களில் 6.8 வீதமும் இறந்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை.

இன்னொன்று கிராமங்களிலேயே நடந்தது. பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தால் ஆத்திரத்திலும் விரக்தியிலும் அதைக் குடிப்பது குறையும் என்று பலர் நம்பினார்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை, 53,000க்கு மேற்பட்ட வீடுகளைத் தெரிந்து, பாதிக் கிராமங்களுக்கு மட்டும் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 20,000க்கு மேற்பட்ட பெட்டிகள் விநியோகிக்கப்பட்டன. 2017இல் வெளியான முடிவின்படி பெட்டி பெற்ற கிராமங்களிலும் பெறாதவற்றிலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். அதேவேளை, 1995 முதல் படிப்படியாகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு தடை செய்த பின்னர் நாட்டில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. பெட்டிக்குச் செலவிடுவதா, தடைக்குப் போராடுவதா என்று கேட்கும் சங்கங்களுக்கு இது பெறுமதியான விடை. அந்தக் கிராமத்து விவசாயிகள் கதவைத் திறந்து ஆய்வாளர்களை உள்ளே விட்டதால் கிடைத்த விடை.

ஏழைகளின் பக்கம் நின்ற ஆய்வுகளும் உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஏழைக்கு அது எட்டாக்கனி. 193 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவர்களது நெருக்கமான சிறு வீடுகளிலேயும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959இல் அறிவிக்கப்பட்டது. இன்று காசநோயாளி வீட்டிலிருந்தே மருந்து எடுப்பதற்கு வழி திறந்த ஆய்வுகளில் அது முக்கியமானது.

பயத்துக்கும் காரணம் உண்டு

அப்படியானால் பயப்படுபவர்கள் மூடர்களா? இல்லை. பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் இடத்தில் 1932இல் தொடங்கிய ஆய்வு 40 ஆண்டுகள் நடந்தது. சேர்க்கப்பட்டவர்கள் ஏழைக் கறுப்பின ஆண்கள்; பலர் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் "கெட்ட இரத்தம்" என்றார்கள். இலவச உணவும் அடக்கச் செலவும் தருவதாகச் சொன்னார்கள். பெனிசிலின் மருந்து அந்நோயைக் குணப்படுத்தும் என்று தெரிந்த பின்னரும் அதைக் கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் பத்திரிகையில் வெளிவந்த பின்னரே நிறுத்தப்பட்டது. 1997இல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அருகிலும் ஒன்று நடந்தது. 2009இல் இந்தியாவில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய திட்டமொன்றில் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஊசி போடப்பட்டது. பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோரைக் கேட்காமல் விடுதிப் பொறுப்பாளர்களே பல சம்மதப் பத்திரங்களில் கையொப்பம் இட்டிருந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் இந்தியப் பாராளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊசி பெற்ற சில பிள்ளைகள் இறந்ததற்குத் தடுப்பூசி காரணமெனக் காணப்படவில்லை. அதே நோய்க்கான தடுப்பூசி 2017 முதல் எமது நாட்டுப் பாடசாலைகளிலும் சிறுமிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அதற்குப் பயப்படத் தேவையில்லை. குற்றம் மருந்தில் இல்லை. தாய் தகப்பனின் இடத்தில் வேறொருவர் கையொப்பம் இட்டதில்தான் குற்றம்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது முகாம்களில் இருந்தவர்களிடம் பற்பல குழுக்கள் கேள்விக்கொத்துகளோடு வந்தன. நிவாரணம் தருபவர் யார், ஆராய்ச்சி செய்பவர் யார் என்று மக்களுக்குப் பிரித்தறிய முடியாமற் போகும் ஆபத்தை இலங்கை வைத்தியர்கள் பலர் அக்காலத்திலேயே சுட்டிக்காட்டி, அனர்த்தத்தில் சிக்கியவர்களிடம் ஆராய்ச்சி செய்வதற்குத் தனி ஒழுங்குகள் வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். இடம்பெயர்ந்தவர்களாகிய எமக்கு இதன் அருமை தெரியும்.

எம்மைக் காக்கும் ஒழுங்குகள்

இத்தகைய கொடுமைகளிலிருந்தே இன்றைய விதிகள் பிறந்தன. நாஜி வைத்தியர்களின் வழக்கை அடுத்து 1947இல் வந்த நியூரம்பேர்க் விதிகளின் முதல் வாக்கியமே மனிதரின் சுயவிருப்பமான சம்மதம் இன்றியமையாதது என்பதாகும். 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. அது பல தடவை திருத்தப்பட்டு இன்றும் வழிகாட்டுகிறது.

இலங்கையில் மருத்துவ பீடங்களிலும் பெரிய வைத்தியசாலைகளிலும் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுக்கள் உள்ளன. ஆய்வு தொடங்கு முன்னர் அதன் திட்டத்தையும் சம்மதப் பத்திரத்தையும் இக்குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு மருந்துகள் பற்றிய ஆய்வுகளை அனுமதிக்கும் பொறுப்பு உண்டு. 2006இல் தொடங்கிய இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வுகள் பதியப்படுகின்றன. அதை எவரும் பார்க்கலாம்.

ஒழுங்குகள் ஏட்டில் இருந்தால் போதாது. கட்டிலில் கிடப்பவருக்கு அவை தெரிந்திருந்தால்தான் உயிர் பெறும்.

இரண்டு படிவங்கள்

இப்போது தொடக்கத்தில் சொன்ன வேறுபாட்டுக்கு வருவோம். நிவாரணப் படிவத்தில் கையொப்பம் இடாவிட்டால் இழப்பு உண்டு. ஆய்வுப் படிவத்தில் கையொப்பம் இடாவிட்டால் எந்த இழப்பும் இருக்கக் கூடாது. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். அது உங்கள் உரிமை. ஆய்வில் சேராதவருக்கும் அதே கட்டில், அதே மருந்து, அதே கவனிப்பு. சேர்ந்த பின்னரும் காரணம் சொல்லாமல் எந்நாளிலும் விலகலாம். நிவாரணப் படிவத்தில் நாம் கேட்பவர்கள். இங்கே எம்மிடம் கேட்கிறார்கள். கொடுப்பவர் நாம்.

ஆகவே கொடுக்கும் முன்னர் இவற்றைக் கேளுங்கள்:

1. இது சிகிச்சையா, ஆய்வா? எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?

2. நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?

3. சேர்ந்தால் மேலதிகமாக என்ன செய்வீர்கள்? எத்தனை தடவை இரத்தம் எடுப்பீர்கள்? எத்தனை நாள் வர வேண்டும்? பஸ் செலவை யார் தருவார்?

4. என்ன தீங்கு வரலாம்? வந்தால் சிகிச்சைக்கும் நட்டஈட்டுக்கும் பொறுப்பு யார்?

5. எந்த ஒழுக்கவியல் குழு அனுமதி தந்தது? முறையிட வேண்டுமானால் யாருடைய தொலைபேசி இலக்கம்?

6. என் பெயரும் நோயும் வெளியே போகாதா?

7. தமிழில் எழுதிய பிரதி ஒன்று எனக்குத் தருவீர்களா?

கடைசிக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேளுங்கள். விளங்காத மொழியில் இட்ட கையொப்பம் சம்மதம் அல்ல. வாசிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்து விளக்க வேண்டும். வீட்டாரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று அவகாசம் கேட்பதும் உங்கள் உரிமையே.

இன்னொன்று. முகாம் பொறுப்பாளரோ, சங்கத் தலைவரோ, தோட்டத்துக் கங்காணியோ, பங்குச் சுவாமியாரோ உங்களுக்காகச் சம்மதிக்க முடியாது. கிராமம் முழுவதையும் சேர்க்கும் ஆய்வுக்கு ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினாலும் உங்கள் வீட்டுக் கதவைத் திறப்பதும் மூடுவதும் உங்கள் விருப்பம். யாராவது, "சேர்ந்தால் வீட்டுப் பட்டியலில் பெயர் வரும்" என்றால், அல்லது "சேராவிட்டால் நிவாரணம் நிற்கும்" என்றால், அது ஆய்வல்ல, மிரட்டல். உடனே முறையிட வேண்டும்.

சோதிக்காததைக் குடிப்பதற்குப் பயமில்லையா?

2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை நாம் மறக்கவில்லை. அரசியல்வாதிகளும் வாங்கிக் குடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சருக்கே பின்னர் கொரோனா தொற்றியது. சோதிக்கப்படாத பாணியைக் குடிக்கப் பயமில்லை. பல கண்கள் பார்த்திருக்க, கேள்வி கேட்க உரிமையோடு, நிறுத்தும் ஒழுங்கோடு நடக்கும் ஆய்வு என்றால் மட்டும் பயம்! சோதனையின்றி விற்கப்படும் மருந்தைக் குடிப்பவரும் சோதனைக்கு உள்ளாகிறார். வேறுபாடு என்னவெனில், அவரிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. முடிவை எவரும் எழுதி வைப்பதுமில்லை.

எமது மலைப் பகுதிகளுக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்விகள் இருக்கின்றன. தேயிலைச் செடிக்கடியிலும் மிளகுத் தோட்டத்துச் சருகிலும் கிடக்கும் சிறு விரியன், சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா எனப்படுவது, பலரைக் கடிக்கிறது. இந்திய விஷமுறிவு மருந்து அதன் விஷத்தை முறிப்பதில்லை. இதற்கு ஒரு மருந்து உருவானால் அதை யாரிடம் சோதித்துப் பார்ப்பார்கள்? கொழும்பில் மாடிவீட்டில் இருப்பவர்களை அந்தப் பாம்பு கடிப்பதில்லை. எம்மைத்தான் கேட்பார்கள். அன்று பயந்து ஓடவும் வேண்டாம், குனிந்து கையொப்பம் இடவும் வேண்டாம். நிமிர்ந்து கேள்வி கேட்டு, திருப்தியானால் ஆம் என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

பாம்பு கடித்த இரவில் இதையெல்லாம் ஆற அமர யோசிக்க நேரம் கிடையாது. ஆகையால் இப்போதே பேசிக்கொள்வோம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

எமது குடும்பங்களில் எவராவது மருத்துவ ஆய்வில் சேர்ந்ததுண்டா? அவருக்கு என்ன விளக்கப்பட்டது?

நாம் கடைசியாகக் கையொப்பம் இட்ட படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?

மேலே உள்ள ஏழு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, அந்தக் கடதாசிக் கட்டோடு சேர்த்து வைக்க யார் பொறுப்பெடுப்பார்?